சுவருக்கு எந்தக் கல்? குமரி மாவட்டத்தில் முதல் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

வீடு கட்டப்போகிறோம் என்று சொன்னதுமே சுற்றியிருப்பவர்கள் கல்லைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். "சாலிட் கல் போடு, மலை மாதிரி நிற்கும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "செங்கல்தான் குளிர்ச்சி" என்பார் பெரியப்பா. திருவனந்தபுரம் பக்கம் இன்டர்லாக் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மச்சான், பூச்சே வேண்டாம், செலவு பாதியாகும் என்பார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் அந்த வெள்ளைக் கல், அதாவது ஏ.ஏ.சி. கல்லைச் சிபாரிசு செய்வார்.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அருமனைப் பக்கம் ரப்பர் நிற்கும் சரிவான விளையில் கட்டும் வீட்டுக்கும், முட்டத்தில் கடலைப் பார்த்துக் கட்டும் வீட்டுக்கும், வயலை நிரப்பிய மனையில் கட்டும் வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதற்கும் மேலாக, கல் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு: உங்கள் வீட்டின் கூரையைத் தாங்கப்போவது எது?

கூரையைத் தாங்குவது சுவரா, தூணா?

வீட்டை நிறுத்துவதில் பொதுவாக இரண்டு முறை உண்டு. முதல் முறையில் கூரைக் கான்கிரீட் நேராகச் சுவர்மேல் உட்காருகிறது. சுவர் அந்த எடையை வாங்கி அஸ்திவாரத்துக்குக் கொடுக்கிறது, அஸ்திவாரம் மண்ணுக்குக் கொடுக்கிறது. இதைத்தான் லோடு பேரிங் என்கிறார்கள். பழைய ஓட்டு வீடுகளும், அதற்குப் பிறகு வந்த ஒற்றைத் தள கான்கிரீட் வீடுகளில் ஏராளமானவையும் இப்படி நிற்பவைதான்.

இரண்டாவது முறையில் கம்பி கட்டி வார்த்த தூண்களும் பீம்களும் சேர்ந்த ஒரு கூடு எழுகிறது. எடை முழுவதும் அந்தக் கூட்டின் வழியாகவே கீழே போகிறது. சுவர் வெறும் அடைப்பு. அதை எடுத்துவிட்டாலும் கூரை நிற்கும். மக்கள் பேச்சில் இது பில்லர் வீடு.

இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் கல்லைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சுவர் தாங்கும் வீட்டில் கல்லின் பலம் முக்கியம். தூண் தாங்கும் வீட்டில் கல்லின் எடை முக்கியம். அங்கே கல் எவ்வளவு லேசோ, அவ்வளவுக்குத் தூணுக்கும் பீமுக்கும் சுமை குறையும்.

இப்போது இரண்டு படுக்கையறை உள்ள ஒற்றைத் தள வீட்டுக்குக்கூடப் பில்லர் போடாவிட்டால் ஏதோ குறை வைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது சரியா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு அறைகள், இரண்டும் 12 அடி அகலம், நடுவில் ஒரு 8 அங்குலச் சுவர். மேலே 5 அங்குலக் கான்கிரீட். அதன் சொந்த எடை, மேல் பூச்சு, மேலே நடமாடும் ஆட்கள், வைக்கும் சாமான் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நடுச்சுவர் இரண்டு பக்கமும் பாதிப் பாதிக் கூரையைத் தாங்குகிறது. ஆக ஒரு மீட்டர் நீளச் சுவரின் தலையில் சுமார் 2,200 கிலோ. 10 அடி உயரச் சுவரின் சொந்த எடை மேலும் 1,300 கிலோ. மொத்தம் 3,500 கிலோ. இது அடியில் 100 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் இறங்குகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.75 கிலோ.

சாதாரணச் செங்கல்லுக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச நசுங்கு வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 35 கிலோ. கல்லுக்கு அவ்வளவு பலம் இருந்தாலும், சாந்து, மூட்டு, கொத்தனாரின் கைவேலை எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, அந்தக் கல்லால் கட்டிய சுவரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குச் சுமையைத்தான் சுவர்க் கட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905 அனுமதிக்கிறது. அது 3.5 கிலோ. நம் சுவரில் இறங்குவது அதில் பாதிதான்.

மேலே இன்னொரு தளம் ஏற்றினால் சுமை இரட்டிப்பாகி, அனுமதித்த அளவைத் தொட்டுவிடும். சுவரின் உயரத்துக்காகக் கொஞ்சம் கழிக்கவும் வேண்டும் என்பதால், அந்த இடத்தில் 5 நியூட்டன் கல்லுக்கோ 9 அங்குலச் சுவருக்கோ போக வேண்டியிருக்கும். இது மாதிரிக் கணக்கு. உங்கள் வரைபடத்துக்கு உரியதை ஒரு சிவில் பொறியாளர் போட்டுத் தர வேண்டும். ஆனால் திசை தெளிவாகத் தெரிகிறது: கெட்டியான மண்ணில், சாதாரண அளவு அறைகளோடு, தரமான கல்லில் கட்டும் ஒற்றைத் தள வீட்டுக்குச் சுவரே போதும். மாடி வீட்டுக்கும் கவனமாகச் செய்தால் போதும். அங்கே பில்லருக்குப் போகும் கம்பியையும் சிமெண்டையும் நல்ல கல்லுக்கும் நல்ல கூரைக்கும் திருப்புவது மேல் என்பது என் திடமான கருத்து.

பில்லர் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. கீழே கடை அல்லது கார் நிறுத்தம், மேலே வீடு என்றால் வேண்டும். மூன்று தளம் என்றால் வேண்டும். 20 அடி அகலத்தில் நடுவில் சுவரே இல்லாத ஹால், கீழ்ச்சுவருக்கு நேராக மேல்சுவர் வராத திட்டம், இவற்றுக்கும் வேண்டும். வயல் நிரப்பிய மனை தனிக் கதை. மேலே செம்மண் கொட்டிச் சமமாக்கியிருப்பார்கள், அடியில் களி அப்படியே இருக்கும். அது ஒரு மூலையில் அதிகமாகவும் இன்னொரு மூலையில் குறைவாகவும் அமுங்கும்போது கல்சுவர் வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நிரப்பு மண்ணைத் தாண்டி இயல்பான கெட்டி மண் வரை வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்ட வேண்டும். அல்லது பொறியாளர் மண்ணைப் பார்த்துச் சொல்லும் முறைக்குப் போக வேண்டும். எந்தக் கல்லும் கெட்ட அஸ்திவாரத்தைக் காப்பாற்றாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். சுவர் எல்லாம் கட்டி முடித்தபிறகு, மனசாறுதலுக்காக நாலு மூலையிலும் மெலிந்த தூணை நிறுத்துவது. மேலும் கீழும் பீமோடு பிணையாத தூண் எதையும் தாங்குவதில்லை. அதே நேரத்தில், சுவரைப் பல் விட்டுக் கட்டிக்கொண்டு போய், அந்தப் பற்களுக்கு இடையில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் ஊற்றி, மேலும் கீழும் பீமோடு பிணைப்பது நல்ல முறை. அங்கே தூண் சுவரை நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எது முதலில், எது பிறகு என்ற வரிசையும் பிணைப்பும்தான் வித்தியாசம்.

சுவர் தாங்கும் வீட்டுக்கு இன்றியமையாத கான்கிரீட் என்றால் அது கிடைப்பட்டைதான். அஸ்திவாரத்துக்கு மேல் தரைமட்டத்தில் ஒன்று, கதவு ஜன்னல் தலைமட்டத்தில் ஒன்று, எல்லாச் சுவர்களையும் சுற்றி அறுபடாமல் ஓட வேண்டும். பீப்பாயின் பலகைகளை இரும்புப் பட்டை பிடித்துக்கொள்வதுபோல இவை சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன. பலர் சிக்கனம் என்று ஜன்னலுக்கும் கதவுக்கும் மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுகிறார்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஓடு அல்லது தகரக் கூரை போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வீசிய வேகம் இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். கூரைச் சட்டத்தைச் சுவரின் தலையில் சும்மா உட்கார வைக்காமல், பட்டையில் பதித்த போல்ட்டோடு முடுக்க வேண்டும்.

இனி கல்லுக்கு வருவோம்

குமரியில் சாதாரணமாகக் கைக்கு எட்டும் கற்கள் ஏழெட்டு வகை. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு விளக்கப்போவதில்லை. ஆட்கள் அதிகம் யோசிக்காமல் வாங்கும் சாலிட், ஹாலோ கற்களில்தான் அதிகத் தவறு நடக்கிறது என்பதால் அங்கே கொஞ்சம் நிற்போம்.

சாலிட் கல் என்பது சிமெண்ட், ஜல்லிச் சில்லு, எம் சாண்ட் அல்லது கிரஷர் தூள் கலந்து அச்சில் அழுத்தி எடுத்தது. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், அகலம் 8, 6 அல்லது 4 அங்குலம். ஹாலோ பிரிக்ஸ் என்று நாம் சொல்வது அதே கலவை, நடுவில் பொந்து. இரண்டுக்கும் ஐ.எஸ். 2185 என்ற ஒரே தர விதிதான். சாலிட்டில் நல்ல கல் 4 அல்லது 5 நியூட்டன் தாங்கும். ஹாலோவில் 3.5 நியூட்டனிலிருந்து தரம் தொடங்குகிறது.

பிரச்சினை கல்லின் வகையில் இல்லை, வயதில் இருக்கிறது. சிமெண்ட் கல்லை வார்த்த பிறகு குறைந்தது 14 நாளாவது ஈரம் காட்டிப் பதப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் நிழலில் காயவிட வேண்டும். அது காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் கல் வார்க்கும் களத்திலேயே நடந்து முடிந்துவிட வேண்டும். தேவை அதிகமாக இருக்கும் மாதங்களில் வார்த்து ஒரு வாரமான கல்லே லாரி ஏறுகிறது. அது உங்கள் சுவரில் உட்கார்ந்துகொண்டு சுருங்குகிறது. வீடு பால்காய்ப்பு முடிந்து ஒரு வருடத்துக்குள் பூச்சில் நெட்டுக்குத்தாக, படிக்கட்டு மாதிரி வெடிப்பு ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மேஸ்திரியைக் குற்றம் சொல்வோம், பூச்சைக் குற்றம் சொல்வோம். கல்லை எப்போது வார்த்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

இதே காரணத்தால் சிமெண்ட் கல்லைக் கட்டுவதற்கு முன் தண்ணீரில் முக்கக் கூடாது. செங்கல்லை முக்கித்தான் கட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அது சாந்திலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும், சாந்து பலம் பிடிக்காது. சிமெண்ட் கல்லை முக்கினால் அது விரிந்து, சுவரில் இருந்துகொண்டு மறுபடி சுருங்கும். மேற்பரப்பில் லேசாக ஈரம் காட்டினால் போதும். இரண்டு கல்லுக்கும் இரண்டு பழக்கம். செங்கல்லில் வளர்ந்த கொத்தனார் கைப்பழக்கத்தில் குழாயை எடுத்துச் சாலிட் கல் அட்டியில் தண்ணீர் பீய்ச்சுவார். அன்பாகச் சொல்லித் தடுக்க வேண்டும்.

சாந்திலும் ஒரு வார்த்தை. சிமெண்ட் அதிகம் போட்டால் சுவர் பலமாகும் என்பது சரியல்ல. 1:6 கலவை, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், 8, 9 அங்குலச் சுவருக்குப் போதும். நாலு, நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு 1:4. சாந்து கல்லைவிட வலுவாகிவிட்டால் வெடிப்பு மூட்டின் வழியே போகாமல் கல்லைப் பிளந்துகொண்டு போகும்.

ஹாலோ கல்லைச் சுவர் தாங்கும் வீட்டுக்குப் போடலாமா என்று கேட்பார்கள். ஒற்றைத் தளத்துக்கு, 8 அங்குல அகலத்தில், தரம் சோதித்த கல்லென்றால் போடலாம். மூலைகளிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் உள்ள பொந்துகளில் ஒரு கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பினால் நல்ல பலம் கிடைக்கும். பீம் வந்து உட்காரும் இடத்தில் நிரப்பாமல் விடவே கூடாது.

செங்கல்லுக்கு வருவோம். தோவாளை வட்டத்துச் சூளைகளின் செங்கல் இன்றைக்கும் கிழக்குப் பகுதியில் முதல் தேர்வாக இருக்கிறது. ஒரு கல் ஏறக்குறைய 3 கிலோ. ஒரு கையால் எடுத்து வைக்கலாம், கரண்டியால் தட்டி உடைத்து எந்த அளவுக்கும் பொருத்தலாம். வளைவு, சிறு மூலை, அலமாரி என்று திட்டத்தில் நெளிவு சுளிவு அதிகமானால் செங்கல்லைப்போல வசதியான கல் இல்லை.

செங்கல்லை எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் கட்டினால் செலவு குறையும். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, உள்வரிசைக்கும் வெளிவரிசைக்கும் நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் அதே 9 அங்குலம்தான், ஆனால் செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சமாகும், சாந்தும் குறையும். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். இதைக் கேரளத்தில் பரப்பியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007இல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் செங்கல் கட்டடங்கள் அவர் கட்டியவை. நாகர்கோவிலிலிருந்து காலையில் ரயிலேறினால் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். வீடு கட்டுகிறவர்கள் அந்த ஒரு நாளைச் செலவழிக்கலாம் என்று மனதாரச் சொல்கிறேன். பூசாத செங்கல் சுவர் எப்படி இருக்கும் என்பது படத்தில் தெரியாது.

எலிப்பொறிக் கட்டுக்கு இரண்டு நிபந்தனைகள். கல் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோணல் கல்லில் இது வராது. வயரிங் குழாய் எங்கே ஓடும் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். கட்டி முடித்தபிறகு உடைத்துக் குழாய் பதித்தால் கட்டு பலவீனமாகும். பழகிய கொத்தனார் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பழகாதவர் கையில் இது சாதாரணக் கட்டைவிட மோசமாக முடியும்.

வெட்டுக்கல் மேற்குக் குமரிக்காரர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத கல். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் பார்க்கலாம். மண்ணிலிருந்து வெட்டும்போது மெதுவாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டதும் இறுகும் குணம் அதற்கு. மலபாரில் அங்காடிப்புரத்தில் இதைக் கண்டு, லேட்டரைட் என்று பெயர் வைத்து, 1807இல் உலகத்துக்கு எழுதியவர் பிரான்சிஸ் புக்கானன். தரமான வெட்டுக்கல் 3.5 நியூட்டனுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்காமல், முகத்தில் வெள்ளைக் களித்திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆணியால் கீறினால் அந்தத் திட்டு மாவாக உதிரும். மழை முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். நன்றாக இறுகிய கல்லை வெளியே பூசாமல் மூட்டு மட்டும் அடைத்து விடலாம், அழகும் தனி. திட்டு உள்ள கல்லைப் பூசித்தான் ஆக வேண்டும்.

இன்டர்லாக் கல் செம்மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தியது. ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு உட்காரும். சாந்து கிடையாது, உள்ளே பூச்சும் தேவையில்லை. வேலை வேகமாக நடக்கும். சூளையில் சுடாததால் விறகும் மிச்சம். ஆனால் இது அடிப்படையில் மண் கல். ஒரு கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். எடுத்த பிறகு விளிம்பு விரலால் தேய்த்தாலே கரைந்தால் அந்தக் களத்தை விட்டுவிடுங்கள். தரைமட்டத்துக்குக் கீழே இதைப் போடக் கூடாது. மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும் உயரம் வரை கருங்கல் அல்லது சாலிட் கல்லில் பேஸ்மெண்ட் எழுப்பி, அதற்கு மேல் தொடங்க வேண்டும். முதல் வரிசை மட்டம் பிசகினால் மேலே சாந்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வழியில்லை. அதனால் முதல் வரிசைக்கு ஒரு நாள் முழுவதும் போனாலும் பரவாயில்லை, ரசமட்டத்தை வைத்துப் பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ.ஏ.சி. கல் 1920களில் சுவீடனில் கண்டுபிடித்தது. சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட் கலவையில் அலுமினியத் தூள் சேர்த்துப் பொங்கவைத்து, நீராவியில் அழுத்தத்தோடு வேகவைத்து எடுக்கிறார்கள். உள்ளே முழுக்க நுண்ணிய காற்றுக்குமிழிகள். 100 சதுர அடிச் சுவரைச் செங்கல்லில் 9 அங்குலத்துக்குக் கட்டினால் ஏறக்குறைய 4 டன் எடை. 8 அங்குல ஏ.ஏ.சி.யில் அதே சுவர் சுமார் 1.2 டன்தான். பில்லர் வீட்டுக்கு, அதுவும் மூன்று தளத்துக்கு, இது மிகப் பெரிய லாபம். சுவரே தாங்கும் ஒற்றைத் தள வீட்டில் அந்த லாபத்துக்கு வேலையே இல்லை. இதைச் சாதாரணச் சாந்தில் கட்டாமல் அதற்கென்று வரும் பசையில், 3 மி.மீ. மூட்டில் கட்ட வேண்டும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் கம்பிவலை வைத்துப் பூசாவிட்டால் அங்கே கோடு விழும். கனமான அலமாரியோ டி.வி.யோ மாட்டுவதென்றால் இந்தக் கல்லுக்கான தனி ஆங்கர் வேண்டும். சாதாரண ஆணி பிடிக்காது.

தூத்துக்குடி அனல்மின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சாம்பல் செங்கல்லும் தென்மாவட்டங்களில் பரவலாகக் கிடைக்கிறது. அளவு ஒரே சீராக இருக்கும், பூச்சு குறைவாகப் பிடிக்கும். வயது பற்றி சாலிட் கல்லுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இரண்டு மழை பெய்யும் ஊர்

தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் எழுதிய கட்டட ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே இடிக்கும். நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதிலும் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ஜூனிலிருந்து சுவர் காயவே நேரம் கிடைக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம்.

சுவர் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கல்லைப் பார்ப்பதற்கு முன் கூரையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையின் கூரை எவ்வளவு தூரம் வெளியே நீண்டு தாழ்ந்து இறங்குகிறது என்று கவனித்திருப்பீர்கள். சுவரில் மழை படாமல் இருப்பதே அங்கே முதல் பாதுகாப்பு. இப்போது கட்டும் பெட்டி வீடுகளில் இறவாரமும் இல்லை, சன் ஷேடும் ஒரு சாண்தான். பிறகு தென்மேற்குச் சுவரின் உட்பக்கம் பெயின்ட் கொப்புளித்தால் கல்லைத் திட்டுகிறோம். இரண்டடி நீண்ட கூரை விளிம்பு எந்த விலையுயர்ந்த பெயின்டையும்விட நன்றாகச் சுவரைக் காக்கும். ஏ.ஏ.சி.யும் இன்டர்லாக்கும் தண்ணீரை உறிஞ்சக்கூடியவை என்பதால் அவற்றுக்கு இது இரட்டிப்புத் தேவை.

கீழிருந்து ஏறும் ஈரம் வேறு. மண்ணிலுள்ள நீர் கல்லின் நுண்துளை வழியே மேலே ஏறும். அதைத் தடுக்கத் தரைமட்டப் பீமின்மேல் நீர்த்தடுப்பு மருந்து கலந்த சாந்துப் படலம், டி.பி.சி., போட வேண்டும். மிகக் குறைந்த செலவு. சுவர் எழும்பிய பிறகு போட முடியாத ஒன்று.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தளக் கான்கிரீட் வீட்டில் சூடு பெரும்பாலும் தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. குளிர்ச்சிக்காக விலை கூடிய கல்லை வாங்கிவிட்டு மொட்டைமாடியை அப்படியே வெயிலில் விட்டால் பலன் கொஞ்சம்தான். மேலே ஓடு வேய்வதோ, வெள்ளைப் பூச்சு அடிப்பதோ முதலில். மேற்குச் சுவர் இரண்டாவது.

கடலோரம் என்றால்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், கன்னியாகுமரி போன்ற இடங்களில் கட்டுகிறவர்கள் கல்லைவிடக் கம்பியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். உப்புக்காற்று கான்கிரீட்டின் துளைகள் வழியே கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, தன்மேல் மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். கூரையடியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியும் வீடுகளைக் கடற்கரை ஊர்களில் நிறையப் பார்க்கலாம்.

கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456, கடலோரத்தில் வெளிக்காற்றுக்கு நிற்கும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. மூடலும் கேட்கிறது. 9 அங்குலத் தூணில் 20 மி.மீ. மூடல் வைத்து வார்க்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதனால்தான் கடலோரத்தில் ஒற்றைத் தள வீடு கட்டுகிறவர்களுக்குச் சுவர் தாங்கும் முறையை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். கம்பி எவ்வளவு குறைவோ, துருவுக்கு இடம் அவ்வளவு குறைவு. கூரைக்கும் பட்டைக்கும் போடும் கம்பிக்கு முழு மூடல் கொடுக்க, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டையைத் தேவையான கனத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லித் துண்டை முட்டுக்கொடுப்பது போதாது.

கடல் மணல் கூடவே கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கிணற்றுத் தண்ணீர் அப்படி நினைவுக்கு வருவதில்லை. உவர்ப்புத் தட்டும் கிணற்று நீரில் கான்கிரீட் கலந்தால் உப்பை நாமே உள்ளே ஊற்றுகிறோம். கம்பிக் கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய் நீர்ச் சோதனை செய்யும் ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும்.

விலையை எப்படி ஒப்பிடுவது

ஒரு கல்லின் விலையை இன்னொரு கல்லின் விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. 100 சதுர அடிச் சுவருக்கு 9 அங்குலச் செங்கல் கட்டில் ஏறக்குறைய 1,000 கல் வேண்டும். 16-க்கு 8 அங்குலச் சாலிட்டில் சுமார் 115. இரண்டடி நீள ஏ.ஏ.சி.யில் சுமார் 75. ஆகவே ஒப்பிட வேண்டியது 100 சதுர அடி முடிந்த சுவரை: கல், சாந்து அல்லது பசை, கூலி, இரண்டு பக்கப் பூச்சு, லாரி வாடகை, உடைசல், எல்லாம் சேர்த்து.

அதோடு நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று, சுமடு. மேற்குப் பகுதியில் பல விளைகளுக்கு லாரி போகாது. ரோட்டில் இறக்கி, ஒற்றையடிப் பாதையில் மேலேற்ற வேண்டும். 8 அங்குலச் சாலிட் கல் ஒன்று 30 கிலோவுக்கு மேல். அதைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறுகிறவரின் கழுத்தையும் முழங்காலையும் நினைத்துப் பாருங்கள். கூலியும் அதற்கேற்ப ஏறும், ஏற வேண்டியதும் நியாயம். அப்படிப்பட்ட இடத்துக்கு 6 அங்குலச் சாலிட், செங்கல், ஏ.ஏ.சி. இவற்றில் எது உங்கள் கட்டு முறைக்குப் பொருந்துமோ அதைப் பாருங்கள். 6 அங்குலச் சுவர் கூரையைத் தாங்கலாமா என்பதை மட்டும் பொறியாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கொத்தனாருக்குப் பழகிய கல் எது என்பதும் விலையின் ஒரு பகுதிதான். புதிய கல்லை முதல் முறையாக உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டால், அந்தப் படிப்புச் செலவு உங்களுடையது. அவர் கட்டிய, மூன்று மழையாவது கண்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கொத்தனார் அதற்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போவார்.

கல்லை இறக்குவதற்கு முன்

செங்கல்லை இரண்டு கையிலும் ஒவ்வொன்று எடுத்துத் தட்டினால் கணீர் என்று ஒலிக்க வேண்டும். மூன்றடி உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக் கூடாது. ஒரு காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் வைத்து மறுபடி எடை போடுங்கள்; ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அது தண்ணீர் குடிக்கும் கல். ஒரு தட்டில் ஓர் அங்குலம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கல்லை நிமிர்த்தி வைத்து, தண்ணீர் வற்றிய பிறகு பாருங்கள். வெள்ளையாகப் பூத்தால் கல்லில் உப்பு இருக்கிறது, நாளைக்கு உங்கள் பெயின்டிலும் அது பூக்கும்.

சாலிட், ஹாலோ கல்லுக்கு வீட்டுச் சோதனை போதாது. களத்திலிருந்து நீங்களே அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டு கல் எடுத்து, சிவில் பிரிவு உள்ள ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கக் கொடுங்கள். களத்துக்காரர் தேர்ந்தெடுத்துத் தரும் கல்லைக் கொண்டுபோக வேண்டாம். மொத்தக் கல்லின் விலையோடு பார்த்தால் சோதனைக் கட்டணம் சிறியது.

காலக்கணக்கையும் இதோடு சேர்த்துப் போடுங்கள். தை பிறந்ததும் வானம் தோண்டி, பேஸ்மெண்ட் முடிந்து, மாசி பங்குனியில் சுவர் எழும்பி, இடவப்பாதிக்கு முன் கூரை வார்த்துவிட்டால் மழையில் பூச்சு வேலையை உள்ளே நிதானமாகப் பார்க்கலாம். அப்படியானால் சிமெண்ட் கல்லுக்கு முன்பணம் கொடுக்க வேண்டியது கார்த்திகையில், அல்லது மார்கழித் தொடக்கத்தில். வார்த்த தேதியைச் சுண்ணாம்பால் அட்டியின்மேல் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இறக்கும் நாளில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, ஒன்றரை மாதம் ஆகாத அட்டியிலிருந்து ஒரு கல்லும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.